குருத்திலும் வேரிலும்

மக்காச்சோளப் பயிரின் குருத்தை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஈர எச்சம் அடைத்துக் கிடக்கும். கிளறினால் அதற்கடியில் புழு சுருண்டிருக்கும். நெற்றியில் தலைகீழாகக் கிறுக்கிய ஆங்கில ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக வைத்த நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்திருந்தால் அது படைப்புழுதான். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்தப் புழு 2016இல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் அடையாளம் காணப்பட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளையெல்லாம் அது பார்த்துவிட்டது.

கோவை–சத்தி சாலையும் அவிநாசி–மேட்டுப்பாளையம் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஊர் அன்னூர். சுற்றுவட்டாரத்தில் மானாவாரிக் காடென்றால் சோளம், மக்காச்சோளம், கொஞ்சம் நிலக்கடலை. கிணற்றிலோ போரிலோ தண்ணீர் இருக்கும் தோட்டமென்றால் வாழை, மஞ்சள், கறிவேப்பிலை. மக்காச்சோளம் விற்பதில் சிரமம் கிடையாது. பல்லடத்துக் கோழிப் பண்ணைகளுக்கு எவ்வளவு தீவனம் கொடுத்தாலும் போதாது. அதனால் படைப்புழு வந்த பிறகும் யாரும் மக்காச்சோளத்தை விடவில்லை. மருந்து அடிப்பதைத்தான் கூட்டினார்கள். புழு பகலெல்லாம் குருத்துக்குள் இருக்கிறது. தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்கிறது. வெளி இலையில் படும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. “மூணு தடவ அடிச்சாச்சுங்க, சாகவே மாட்டேங்குது” என்ற பேச்சில் மிகை எதுவும் கிடையாது. ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்து குருத்தாகப் போட்டவர்களுக்கு மருந்துக்காரர்களைவிடக் கூடுதல் பலன் கிடைத்ததென்றால், அந்தக் கலவை புழு இருக்கும் இடத்துக்கே போனதுதான் காரணம்.

இதே காலத்தில் காட்டில் இன்னொன்றும் நடந்தது. மழை பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் வெயில் தலைகாட்டாத ஐப்பசி, கார்த்திகையில் பயிருக்குள் இறங்கி நடந்தால், இலையின் மேற்புறத்தில் விறைத்துப்போய் ஒட்டிக்கிடக்கும் புழுக்கள் கண்ணில் படும். முதலில் உடம்பு முழுவதும் வெள்ளை படர்ந்திருக்கும். இரண்டொரு நாளில் அது வெளிறிய பச்சை மாவாக மாறும். விரலால் தட்டினால் புழு நசுங்காது, ஒடியும். மருந்து பட்டுச் செத்த புழு அழுகித் தொங்கும், இது அழுகுவதில்லை. இதைச் செய்வது ஒரு பூஞ்சாணம். மெட்டாரைசியம் ரைலேயி என்பது இன்றைய பெயர். வேளாண் துறைக்காரர்கள் பலருக்கு இன்னமும் நொமூரியா என்ற பழைய பெயர்தான் வாயில் வருகிறது. படைப்புழு நுழைந்த 2018ஆம் ஆண்டுப் பருவத்திலேயே கர்நாடகத்து வயல்களில் இது படைப்புழுவைத் தாக்குவது பதிவானது. யாரும் தெளிக்கவில்லை. உள்ளூர்ப் பச்சைக்காய்ப் புழுவையும் புரோடீனியாப் புழுவையும் தின்று பழகிய பூஞ்சாணம் புது விருந்தாளியையும் விடவில்லை.

அது கொல்லும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பூச்சியைக் கொல்லும் பாக்டீரியாவும் வைரசும் வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். பூச்சி தின்றால்தான் உண்டு. பூஞ்சாணத்துக்கு வாய் தேவையில்லை. அதன் வித்து புழுவின் தோல்மீது விழுந்தால் போதும், மெழுகுப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் இருந்தால் ஒரு நாளுக்குள் முளைவிடுகிறது. முளையின் நுனி தட்டையாக விரிந்து தோலை அழுத்தப் பிடிக்கிறது. பிறகு கொழுப்பைக் கரைக்கும் நொதி, புரதத்தைக் கரைக்கும் நொதி, கைட்டினைக் கரைக்கும் நொதி மூன்றையும் சுரந்து, கூடவே அழுத்தமும் கொடுத்து, துளை போட்டு உள்ளே இறங்குகிறது. உள்ளே போனதும் இழையாக நீள்வதை நிறுத்திவிட்டுத் தனித்தனிச் செல்களாகப் பிரிந்து புழுவின் இரத்தத்தில் பெருகுகிறது. சில வகைகள் நஞ்சும் கக்கும். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் புழு செத்துவிடும். செத்த பிறகு சுற்றிலும் ஈரம் இருந்தால் மட்டுமே பூஞ்சாணம் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து புது வித்துகளைத் தூவும். ஈரம் இல்லாவிட்டால் அந்தப் பிணத்தோடு கதை முடிந்தது.

நுண்ணுயிரி ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்பதையே உலகம் முதலில் ஒப்புக்கொண்டது இப்படிப்பட்ட ஒரு பூஞ்சாணத்தை வைத்துத்தான். இத்தாலியில் அகோஸ்டினோ பாஸ்ஸி பட்டுப்புழுக்கள் வெள்ளை பூத்துச் சாவதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, 1835இல் அது ஒட்டுநோய், காரணம் ஒரு பூஞ்சாணம் என்று நிறுவினார். பாஸ்டரும் காக்கும் வருவதற்கு முந்தைய காலம் அது. அந்தப் பூஞ்சாணத்துக்குப் பிவேரியா பாசியானா என்று அவர் பெயரே நிலைத்தது. 1879இல் ஒடெசாவில் இலியா மெச்னிகோவ் கோதுமை வண்டைக் கொல்லும் பச்சைப் பூஞ்சாணத்தை எடுத்து, இதையே வளர்த்து வண்டுக்கு எதிராக விடலாமே என்று யோசித்தார். அதுதான் மெட்டாரைசியம். இன்றைக்கு அன்னூர் மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் இரண்டு பொட்டலங்களின் பூர்வீகம் இவ்வளவு பழையது.

பிவேரியா பட்டுப்புழுவிலிருந்து வந்தது என்பதை நம் ஊரில் யாரும் மறக்கக் கூடாது. உடுமலையிலிருந்து சத்தி வரைக்கும் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் சுண்ணாம்புக்கட்டி நோய் என்று அஞ்சுவது இதே பிவேரியாவைத்தான். பக்கத்துக் காட்டில் புழு வளர்ப்பு மனை இருந்தால் பிவேரியாவைக் கையில் எடுக்காமல் இருப்பது உத்தமம். இயற்கைப் பொருள் என்றால் யாருக்கும் தீங்கில்லை என்று மேடையில் பேசுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டும்.

மறுபடியும் ஈரத்துக்கு வருவோம், ஏனென்றால் அன்னூரில் சிக்கலே அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க அடிக்கும் காற்று இலையில் பட்ட ஈரத்தைச் சிறிது நேரம்கூட விட்டுவைப்பதில்லை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு குளங்களுக்குத் தண்ணீர் வந்தது சந்தோஷம். அதனால் காற்றின் வறட்சி மாறிவிடாது. இந்த வெயிலில் காலை பத்து மணிக்கு லிட்டருக்கு 5 கிராம் மெட்டாரைசியம் கலக்கி இலைமீது அடித்தால், வித்து முளைப்பதற்கு முன்பே புற ஊதாக் கதிர் அதைக் கொன்றுவிடும். கடையில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

“இத அடிச்சா எப்பங் தம்பி சாகும்?”

“ஒரு வாரம் பொறுக்கணுங்ணா.”

“ஒரு வாரத்துல குருத்தே இருக்காதுங்களே!”

விவசாயி கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவர் கையில் கொடுக்கப்பட்டது மருந்து என்ற பெயரில், மருந்து விற்கும் கடையில், மருந்து அடிக்கும் அதே டேங்கில் ஊற்றச் சொல்லி. டேங்கில் போன வாரம் கலக்கிய பூஞ்சாணக்கொல்லி மிச்சம் ஒட்டியிருந்தால் இந்தப் பூஞ்சாணமும் சாகும். உயிருள்ள ஒன்றை இரசாயனத்தின் இடத்தில் நிறுத்தி, இரசாயனத்தின் வேகத்தை அதனிடம் கேட்டது நம் விரிவாக்கப் பணியின் கோளாறு என்றே நான் நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வறண்ட காட்டில் வெயில் படாமல், ஈரம் காயாமல் இருக்கும் இடம் எது?

அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, புழு குடியிருக்கும் அதே குருத்து. இரவில் இறங்கும் பனி இலை வழியே வழிந்து அந்தக் குழலுக்குள்தான் சேர்கிறது. உச்சி வெயிலிலும் உள்ளே நிழல். பொழுது சாய்ந்த பிறகு, தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராகக் கவிழ்த்து ஊற்றினால் அந்த வித்துக்கு ஓர் இரவு முழுவதும் கிடைக்கும். 1991இல் அமெரிக்காவின் அயோவாவில் பிங், லூயிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. குருத்துப் பருவத்தில் மக்காச்சோளத்தில் இட்ட பிவேரியா, புழுமீது மட்டும் நிற்காமல் செடிக்குள்ளேயே நுழைந்து தண்டில் குடியேறிவிட்டது. அந்தத் தண்டுகளில் ஐரோப்பியத் தண்டுத் துளைப்பான் குடைந்த துளைகள் அறுவடை வரைக்கும் குறைவாகவே இருந்தன. செடிக்கு அந்தப் பூஞ்சாணத்தால் நோய் எதுவும் வரவில்லை.

இன்னொரு இடம் வேர். இங்கேதான் கோவையின் பங்கு பெரியது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற வேர்மண்டல பாக்டீரியாவை டால்க் மாவில் கலந்து பொட்டலமாக்கும் முறையை 1990களில் வகுத்தது. வித்யாசேகரனும் முத்தமிழனும் 1995இல் வெளியிட்டது கொண்டைக்கடலை வாடல் நோய்க்கு எதிரான வேலை. அங்கிருந்து பிஎஃப்1 என்ற ரகம் நெல், வாழை, மஞ்சள், காய்கறி என்று பரவி, இன்றைக்குச் ‘சூடோமோனாஸ்’ என்று சொன்னால் கொங்கு நாட்டில் எந்தக் கிராமத்திலும் புரியும். ஆனால் கேட்டுப் பாருங்கள், “அது வேரழுகலுக்குங்க” என்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பது தெரிந்தவர்கள் குறைவு.

அதே துறையில் சாமியப்பன் குழுவினர் 2002இல் வெளியிட்ட நெல் ஆய்வு அந்தச் சம்பந்தத்தைக் காட்டியது. இலையுறைக் கருகல் நோய்க்காகச் சூடோமோனாஸ் இட்ட வயல்களில் இலைச்சுருட்டுப் புழுவின் சேதமும் குறைந்தது. பாக்டீரியா இருப்பது வேரில். புழு தின்பது இலையை. இரண்டும் சந்திக்கவே இல்லை. அப்படியானால் நடுவில் வேலை செய்தது நெற்பயிர்தான். பிறகு வந்த ஆய்வுகளில், பிஎஃப்1 உள்ளிட்ட ரகங்களைக் கலந்து கொடுத்த பயிரின் இலையைத் தின்ற புழு சரியாகத் தின்னவில்லை, வளரவும் இல்லை என்று தெரிந்தது. இலையில் பாலிபீனால் ஆக்சிடேஸ், லிப்பாக்சிஜினேஸ் போன்ற நொதிகள் கூடியிருந்தன. இவை இலையின் புரதத்தைப் புழுவின் குடலில் செரிக்காமல் செய்பவை. அந்த வயல்களில் ஒட்டுண்ணிக் குளவிகளும் சிலந்திகளும் அதிகம் இருந்ததையும் அவர்கள் கணக்கெடுத்தார்கள்.

நெல் அன்னூர்க்காரருக்கு அவ்வளவு நெருக்கமான பயிர் இல்லை. நிலக்கடலை நெருக்கம். 2010இல் அதே குழு பிவேரியாவையும் சூடோமோனாசையும் ஒரே பொட்டலத்தில் சேர்த்து நிலக்கடலையில் போட்டுப் பார்த்தது. சுருள்பூச்சியும் கழுத்தழுகல் நோயும் இரண்டுமே குறைந்தன. பூஞ்சாணத்தைக் கொல்லும் பாக்டீரியாவும் பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணமும் ஒரே மாவில் சண்டையில்லாமல் இருந்தன என்பது எனக்கு விளைவைவிட ஆச்சரியமாகப் படுகிறது.

வேரில் உட்கார்ந்த பாக்டீரியா இலைக்கு எப்படிச் சேதி அனுப்புகிறது? வேர் முதலில் இதை எதிரியா என்று சோதிக்கிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள சில மூலக்கூறுகளை அது அடையாளம் கண்டுகொள்கிறது. ஆபத்தில்லை என்று தெரிந்தாலும் அந்தச் சலசலப்பு அடங்கிப்போவதில்லை. செடி முழுவதும் ஒரு விழிப்பு பரவுகிறது. அதை நடத்துபவை ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும். பெரும்பாலும் செடி உடனே நஞ்சு சுரப்பதில்லை. சுரந்தால் விளைச்சலுக்கு வைத்த சத்து அதிலேயே தீர்ந்துவிடும். களத்தில் மஞ்சள் காயப்போட்டவர் மேகம் கருத்ததும் தார்ப்பாயை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்வாரே, அந்த மாதிரி. புழு முதல் கடி கடித்ததும் எதிர்ப்பு நொதிகள் மற்ற செடிகளைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வருகின்றன.

எல்லாச் செடியும் எதிர்ப்பைக் கூட்டித்தான் தப்பிக்கிறது என்றும் இல்லை. 1997இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் செண்டர், க்ளோப்பர் குழுவினர் வெள்ளரி விதையில் வேர் பாக்டீரியாவைச் சேர்த்து விதைத்தார்கள். வெள்ளரி வண்டு அந்தச் செடிகளைக் குறைவாகவே மேய்ந்தது. ஆராய்ந்தபோது இலையின் கசப்புப் பொருளான குக்கர்பிட்டாசின் குறைந்திருந்தது. மற்ற பூச்சிகளை விரட்டும் அந்தக் கசப்புதான் இந்த வண்டுக்கு ருசி. ருசி குறைந்ததும் வண்டு வேறிடம் போனது. அது சுமந்து வரும் வாடல் நோயும் குறைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இந்த விழிப்பு பெரும்பாலும் இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்கு எதிரானது. சாறு உறிஞ்சும் அசுவினி ஊசி வாயைச் சாற்றுக் குழாயில் சத்தமில்லாமல் இறக்குவது. செடிக்குக் கடிபட்ட உணர்வே சரியாக வராது. நெதர்லாந்தில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் செய்து 2012இல் வெளியான ஆய்வில், வேர் பாக்டீரியா கொடுத்த செடிகளில் அசுவினி குறையவில்லை, கூடியது. செடி செழித்தது, அதோடு அசுவினியும் செழித்தது. அதேபோல் ஒரே குடும்பத்துச் செடியை மட்டும் தின்று பழகிய புழுவைவிட, கண்டதையெல்லாம் தின்னும் புழுதான் இந்த எதிர்ப்பில் அதிகம் மாட்டுகிறது. படைப்புழு கண்டதையும் தின்னும் வகை என்பது நமக்குச் சாதகம். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அசுவினிக்காகச் சூடோமோனாஸ் ஊற்றுபவர் நெதர்லாந்து முடிவை மனதில் வைத்துக்கொண்டு, ஊற்றிய வரிசையையும் ஊற்றாத வரிசையையும் தானே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வேரைச் சுற்றி இன்னொரு ஆள் இருக்கிறார்: மெட்டாரைசியம். பூச்சியைக் கொல்வதற்காகவே பிறந்ததென்று நூறாண்டுக்கு மேல் நினைத்திருந்த இந்தப் பூஞ்சாணம் உண்மையில் வேரோரத்துக் குடித்தனக்காரர். கனடாவின் ப்ரோக் பல்கலைக்கழகத்தில் பிடோச்கா குழுவினர் தேன்மெழுகுப் புழுக்களுக்குள் அடையாளமிட்ட நைட்ரஜனை ஏற்றி, மெட்டாரைசியத்தோடு மண்ணில் வைத்தார்கள். நடுவில் வேர் நுழைய முடியாத நுண்வலை. இரண்டு வாரத்தில் அந்த நைட்ரஜன் வலைக்கு அந்தப்புறம் இருந்த பீன்ஸ் செடியின் இலைக்குள் போயிருந்தது. பூஞ்சாணம் புழுவைக் கொன்று, அதன் சத்தை இழை வழியாக வேருக்குக் கொண்டுபோயிருக்கிறது. 2012இல் இது வெளியானது. 2017இல் அதே குழு மறுபாதியையும் காட்டியது: செடி பதிலுக்குத் தன் சர்க்கரைக் கரிமத்தைப் பூஞ்சாணத்துக்குக் கொடுக்கிறது. தன் இலையைத் தின்ற புழு, தன் வேருக்கே உரமாக வருகிற ஏற்பாடு.

படைப்புழுவுக்கு இது நேராகப் பொருந்துகிறது. ஏனென்றால் அது கடைசி வரை குருத்திலேயே இருப்பதில்லை. வளர்ந்து முடிந்ததும் செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. இலைமீது எத்தனை தடவை மருந்து அடித்தாலும் அது இங்கே எட்டாது. கோடை உழவு ஆழமாகப் போடச் சொல்வது இந்தக் கூட்டுப்புழுவை வெயிலிலும் கொக்கு, மைனாவின் கண்ணிலும் காட்டத்தான். மண்ணில் மெட்டாரைசியம் இருந்தால் இறங்கும் புழு அதன்மீது ஊர்ந்துதான் போக வேண்டும். மேலே காற்று எவ்வளவு வறண்டாலும் அங்கே ஈரம் இருக்கும்.

ஆனால் விதையிலேயே ஒரு முட்டுக்கட்டை. கம்பெனி வீரிய மக்காச்சோள விதை பைக்குள் இருந்து சிவப்பாகவோ ரோஸ் நிறமாகவோ வருகிறது. பூஞ்சாணக்கொல்லி பூசிய நிறம் அது. அதன்மேல் கிலோவுக்கு 10 கிராம் பிவேரியாவைப் புரட்டி விதைப்பவர் காசைத் தூவுகிறார். அந்த விதையை அப்படியே விட்டுவிட்டு, உயிரை மண் வழியாகக் கொடுப்பதுதான் வழி. சூடோமோனாஸ் ஏக்கருக்கு ஒரு கிலோ, சலித்த மக்கிய குப்பை 20 கிலோ. மெட்டாரைசியத்தையும் இதேபோல் தனியாகக் குப்பையில் கலந்துகொள்ளலாம். பச்சைச் சாணத்தில் கலக்கக் கூடாது. அதன் சூடு ஆகாது. வாங்கும்போது பொட்டலத்தில் தயாரித்த மாதத்தைப் பார்க்க வேண்டும். கிராமுக்கு 10 கோடி என்று அச்சிட்டிருப்பது பொட்டலம் கட்டிய அன்றைய கணக்கு; கடை முகப்பில் வெயில் விழும் அலமாரியில் மூன்று மாதம் இருந்த பொட்டலத்தில் எவ்வளவு மிச்சம் என்பது அச்சில் இருக்காது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் புதிதாக வந்தது கிடைத்தால் அதுவே மேல்.

இடும் நாளும் முக்கியம். பயிர் முளைத்த முதல் இரண்டு வாரத்தில் தாய்ப்பூச்சி முட்டை வைக்கிறது, ஒவ்வொரு குவியலிலும் நூறு, இருநூறு. புழுப்பருவம் இரண்டு மூன்று வாரம். ஆக நாலாம் வாரக் கடைசியிலிருந்து முதல் தலைமுறை மண்ணுக்கு இறங்கத் தொடங்கும். அந்தத் தலைமுறையில் தப்பும் ஒவ்வொரு தாயும் ஆயிரத்துக்கு மேல் முட்டை வைக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் எதுவும் செய்யாவிட்டால் பறந்து வருவதைத் தடுக்க முடியாது, வாஸ்தவம். தன் காட்டிலேயே பெருகுவதைக் குறைக்க முடியும். களை வெட்டி மண் அணைக்கும் மூன்றாம் வாரத்தில், சாயங்காலமாகப் பார்த்து, குப்பையை வேரோரம் இட்டு மண்ணை மூடி, அன்றைக்கே தண்ணீர் கட்டினால் புழு இறங்குவதற்கு முன் பூஞ்சாணத்துக்கு ஒரு வாரம் கிடைக்கும். மானாவாரிக் காடென்றால் தண்ணீர் கட்ட வழியில்லை. மழை விழுந்த மறுநாள்தான் நாள்.